ஹெலிகாப்டர் ஃப்ளோட் கிட்ல வெள்ளையா பூத்திருக்கு, தொடைச்சு விட்டா போதுமா?

காவேரிப்பட்டணத்தான்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏஎம்இ (விமான பராமரிப்பு படிப்பு) முடிச்சுட்டு பி1.3 (டர்பைன் ஹெலிகாப்டர் பராமரிப்பு) லைசென்ஸுக்கு அனுபவம் சேர்த்துக்கிட்டு ஹோசூர் பக்கம் ஒரு சின்ன ஷாப்ல இருக்கேன். இப்ப ஒரு ஸ்கிட் டைப் (சக்கரத்துக்கு பதிலா குழாய் கால்) சிங்கிள் எஞ்சின் ஹெலிகாப்டர் காலண்டர் இன்ஸ்பெக்ஷனுக்கு (பறந்த மணிய பாக்காம தேதி கணக்குல பண்றது) வந்திருக்கு, போன மழைக்காலம் பூரா கிழக்கு கடற்கரை ஓரமா வெட்டவெளியில நின்னுட்டு வந்தது. அதுல எமர்ஜென்சி ஃப்ளோட் கிட் இருக்கு. ரெண்டு ஸ்கிட் மேலயும் மடிச்சு கவர் போட்டு கட்டின ஃப்ளோட், வயித்துக்கு கீழ கேஸ் பாட்டில், அங்கிருந்து ரெண்டு பக்கமும் ஹோஸ். தண்ணில இறங்க வேண்டி வந்தா பைலட் சுவிட்ச அமுக்கினதும் சில செகண்ட்ல ஊதிடும், அந்த அளவுக்கு தெரியும்.

கவர் கயித்த அவுத்து பாத்தா ஸ்கிட் ட்யூப்ல ஃப்ளோட்ட பிடிச்சிருக்கிற சேடில் (தாங்கி பட்டை) போல்ட்ட சுத்தி வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. ஒரு ஹோஸ் முனையில பழுப்பா தண்ணி வழிஞ்ச மாதிரி கறை. பாட்டில் வெளிய பாக்க நல்லாதான் இருக்கு, கேஜ் முள்ளும் பச்சையில நிக்குது.

சீனியர் ஒருத்தர் வந்து பாத்துட்டு "உப்புடா அது, ஈரத்துணில தொடைச்சுட்டு கவர மூடு, கேஜ்தான் சரியா இருக்கே, அதுவுமில்லாம இங்க எங்க கடல் இருக்கு, கேஆர்பி டேம்லயா எறக்க போறானுங்க"ன்னு சிரிச்சுட்டு போயிட்டாரு. நல்ல மனுஷன்தான், எஞ்சின் வேலையில அவர அடிச்சுக்க ஆளில்ல. ஆனா எனக்கு மனசு ஒப்பல. மேனுவல எடுத்து பாத்தா இந்த டாஸ்க்ல கரோஷன் (உலோக அரிப்பு) இருக்கான்னு பாருன்னு ஒத்த வரியில முடிச்சுட்டான். எங்க பாக்கணும், எப்படி பாக்கணும், எது உப்பு எது கரோஷன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கடல் பக்கம் வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

ஜூஹு ரிட்டர்ன்:

தம்பி, நான் பென்னாகரம். மும்பைல ஆஃப்ஷோர் ஹெலிகாப்டர் லைன்ல வருஷக்கணக்கா இருந்துட்டு இப்பதான் ஊரோட வந்து உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

முதல்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி சிஸ்டத்த டிஸார்ம் (தெரியாம ஊதிடாதபடி முடக்கறது) பண்ணிட்டியா? சர்க்யூட் பிரேக்கர இழுத்து டேக் போடு, பாட்டில் வால்வுக்கு சேஃப்டி பின் குடுத்திருந்தா மாட்டு, ஸ்குயிப் (கரண்ட் குடுத்தா வெடிச்சு வால்வ திறக்கற சின்ன வெடி) இருக்கிற டைப்னா மேனுவல்ல சொன்ன வரிசைல கனெக்டர கழட்டி ஷார்ட்டிங் கேப் போடு. அந்த ஸ்குயிப் லைன்ல சாதா மல்டிமீட்டர வச்சு கன்டினியூட்டி பாக்கறேன்னு கிளம்பிடாத, மீட்டர் விடற கரண்டே அத வெடிக்க வைக்கலாம், அதுக்குன்னு தனி டெஸ்டர் இருக்கு. ஹேங்கர்ல ஃப்ளோட் திடீர்னு ஊதினா பக்கத்துல நிக்கிறவன் கை கால் போயிடும்.

ரெண்டாவது, தொடைக்காத. தொடைக்கறதுக்கு முன்னாடி பாரு, போட்டோ எடு, எந்த போல்ட்டு எந்த பக்கம்னு எழுதி வை. தொடைச்சுட்டா உனக்கு வழி காட்டற அடையாளமே போயிடும். அப்பறம் நல்ல தண்ணில நனைச்ச துணிய வச்சு ஒத்தி எடு. உப்புன்னா கரைஞ்சு போயிடும், அடியில பெயின்ட் வழவழன்னு இருக்கும். அலுமினியம் கரோஷன்னா அந்த வெள்ளை பவுடர் தண்ணில கரையாது, உதிர்ந்துதான் வரும், அடியில சொரசொரன்னு குழி இருக்கும். காஞ்சதுக்கு அப்பறம் டார்ச்ச நேரா அடிக்காம சாய்ச்சு அடி, பத்து மடங்கு லென்ஸ் வச்சு பாரு, குழி இருந்தா நிழல் விழும். பெயின்ட் கொப்பளிச்சிருந்தாலோ பெயின்ட்டுக்கு அடியில நூல் நூலா கோடு ஓடியிருந்தாலோ அதுவும் கரோஷன்தான், மேல பெயின்ட் கிழியலையேன்னு விட்டுடாத.

நல்ல தண்ணின்னு எதுக்கு அழுத்தி சொல்றேன்னா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லா போர் தண்ணி எப்படின்னு உனக்கே தெரியும், ஃபுளோரைடு, உப்பு, சுண்ணாம்புன்னு எல்லாம் இருக்கும், ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் தண்ணியவே பைப்ல கொண்டு வந்தாங்க. போர் தண்ணில ஹெலிகாப்டர கழுவினா காஞ்சதும் அதுவே வெள்ளையா படியும், அப்பறம் கடல் உப்பு, சுண்ணாம்பு, கரோஷன் மூணும் ஒண்ணு மாதிரி தெரியும், எது எதுன்னு உன்னால சொல்ல முடியாது. டிமினரலைஸ்டு (உப்பு, தாது நீக்கின) தண்ணி வாங்கி வை. இன்னொண்ணு, டெஸ்ட் பண்றேன்னு வினிகர், எலுமிச்சை மாதிரி புளிப்பு எதையும் ஊத்திடாத.

இப்ப எங்க பாக்கணும். கண்ணுக்கு நேரா தெரியற இடத்துல கரோஷன் ரொம்ப கம்மி தம்பி, ஈரம் எங்க மாட்டி காயாம நிக்குதோ அங்கதான் இருக்கும். சேடிலுக்கும் ஸ்கிட் ட்யூபுக்கும் நடுவுல இருக்கிற சந்து, போல்ட் தலைக்கு அடியில வாஷர், கவர் துணி ஈரத்தோட ஒட்டிக்கிட்டே இருக்கிற பக்கம், பாட்டில பிடிச்சிருக்கிற பட்டைக்கு அடியில, அதுலயும் கீழ்ப்பக்கம். பாட்டில் வெளிய நல்லா இருக்குன்னு சொன்ன பாரு, அந்த பட்டைய லூஸ் பண்ணாம பாத்திருந்தா நீ பாட்டில பாக்கவே இல்ல. பட்டைக்கு அடியில குழி தெரிஞ்சா எமரி வச்சு தேய்ச்சு அழகு பண்ற வேலையெல்லாம் கூடாது, அது பிரஷர் வெசல், கழட்டி அப்ரூவ்டு ஷாப்புக்கு அனுப்பு. அப்படியே பாட்டில்ல பொறிச்சிருக்கிற ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தி பாக்கறது) தேதியயும் பாரு, 3ஏஏன்னு பொறிச்ச ஸ்டீல் பாட்டில்னா 5 வருஷத்துக்கு ஒரு தடவ, சர்வீஸ் பிரஷர்ல மூணுல அஞ்சு பங்கு (5/3), அதாவது கிட்டத்தட்ட 1.67 மடங்குக்கு ஏத்தி டெஸ்ட் பண்ணுவாங்க. ஃபைபர் சுத்தின பாட்டிலுக்கு கணக்கு வேற, ஆயுசும் தனியா உண்டு.

ஹோஸ் முனை பழுப்பு கறை எனக்கு சுத்தமா பிடிக்கல. அது காலர் உள்ள இருக்கிற ஸ்டீல் பின்னல் துருப்பிடிச்சு வழிஞ்சதா இருக்கலாம், வெளிய கறை இத்தனூண்டு, உள்ள எவ்வளவுன்னு தெரியாது. அத தொடைச்சு மூடினா அடுத்த வருஷம் இன்னொருத்தன் தொடைப்பான், அவ்வளவுதான்.

அப்பறம் எல்லாரும் விடறது கரண்ட் பக்கம். கனெக்டர் பின்ல பச்சை பூத்திருக்கா, எர்த் லக் அடியில வெள்ளை இருக்கா, தண்ணிய உணர்ற சுவிட்ச் இருக்கிற மாடல்னா அதோட முனை. சிஸ்டம் வருஷக்கணக்கா சும்மா கிடந்துட்டு ஒரே ஒரு தடவ வேலை செய்யணும், அந்த ஒரு தடவ ஸ்குயிப்புக்கு போற கரண்ட் ஒரு பச்சை பின்னால நின்னுட்டா கேஜ்ல பச்சை இருந்து என்ன பிரயோஜனம். கேஜ் பாட்டில் உள்ள கேஸ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், வால்வு திறக்குமா, ஹோஸ் தாங்குமா, ரெண்டு பக்கமும் ஒண்ணா ஊதுமான்னு அதுக்கு தெரியாது.

ரெண்டு பக்கமும் ஒண்ணா ஊதறதுதான் இதுல உயிர். 2018 மார்ச் 11 நியூயார்க் ஈஸ்ட் ரிவர்ல ஒரு ஏஎஸ்350 பி2 ஹெலிகாப்டர் இறங்குச்சு, ஃப்ளோட் சமமா ஊதல, வலது பக்கமா கவுந்துடுச்சு, உடம்போட கட்டற பெல்ட் ஹார்னஸ்ல கட்டியிருந்த 5 பயணிகளும் போயிட்டாங்க, பைலட் மட்டும் வெளிய வந்தார். அது கரோஷன் கேஸ் இல்ல, காரணம் வேற. ஆனா அரைகுறையா ஊதினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அத படி, என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு) ரிப்போர்ட் நெட்ல சும்மாவே கிடைக்கும்.

சிப்காட் அனோடைசிங்:

ஏவியேஷன் எனக்கு தெரியாதுங்க, ஹோசூர் சிப்காட்ல அனோடைசிங், பிளேட்டிங் வேலை, அதனால மெட்டல் பத்தி மட்டும் சொல்றேன். அண்ணன் மேல சொன்ன போல்ட் விஷயத்துல ஏன் போல்ட்ட சுத்தி மட்டும் வெள்ளை வருதுன்னா ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய சேடிலும் உப்பு ஈரத்துல சேர்ந்தா பேட்டரி ஆயிடும், அதுல கரையறது எப்பவும் அலுமினியம்தான். பிளேட் பெருசு போல்ட் சின்னதுங்கறதால மொத்தமா பாத்தா மெதுவாதான் போகும், ஆனா ஓட்டைய சுத்தியே குறி வச்சு தின்னும். அதனாலதான் போல்ட்ட சீலன்ட் தடவி ஈரமாவே போட சொல்லுவாங்க, பழைய சீலன்ட் இருக்கா இல்ல யாராச்சும் கடைசி தடவ காஞ்ச போல்ட்ட அப்படியே முறுக்கிட்டாங்களான்னு பாருங்க. கார்பன் ஃபைபரும் இதே வேலைய பண்ணும், அதுக்கு பக்கத்துல அலுமினியம் நேரா உரசற மாதிரி இருந்தா நடுவுல ஏதாச்சும் லேயர் இருக்கணும்.

தயவு செஞ்சு ஸ்டீல் பிரஷ், ஸ்டீல் உல் போட்டு அலுமினியத்த தேய்க்காதீங்க ப்ரோ. இரும்பு துகள் அலுமினியத்துக்குள்ள பதிஞ்சு நிக்கும், பளபளன்னு கொண்டு வந்து குடுப்பானுங்க, கொஞ்ச நாள்ல புள்ளி புள்ளியா திரும்ப வரும், அப்பறம் பிளேட்டிங் சரியில்லன்னு எங்க மேல சண்டை. நைலான் பேட் போதும். தேய்ச்சு எடுத்த இடத்துல கன்வெர்ஷன் கோட்டிங் (அரிப்ப தடுக்கற கெமிக்கல் படலம்), ப்ரைமர், பெயின்ட் இந்த வரிசை. கன்வெர்ஷன் கோட்டிங்ல பழைய டைப் குரோமியம் இருந்தா அது கான்சர் குடுக்கற சாமான், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. ஸ்டீல் போல்ட்டுல காட்மியம் பிளேட்டிங் இருக்கும், அதுவும் அரிச்சா வெள்ளையா வரும், அத பிரஷ் போட்டு தூசி கிளப்பி மூக்குல ஏத்திக்காதீங்க, விஷம். நீல கலர் ஃபிட்டிங் எல்லாம் அனோடைஸ் பண்ண அலுமினியம், ஸ்பேனர் வழுக்கி கோடு விழுந்திருந்தா அந்த கோட்டுல இருந்துதான் அரிப்பு ஆரம்பிக்கும்.

தொப்பூர் கணவாய்:

எல்லாம் சரி, ஆனா அவங்க சீனியர் சொன்னதுலயும் நியாயம் இருக்குல்ல? இந்த ஹெலிகாப்டர் இனிமே இங்கதான் பறக்க போகுது, தர்மபுரி கிருஷ்ணகிரிக்கு கடல் எங்க இருக்கு. ஃப்ளோட்ட கழட்டி ஓரமா வச்சுட்டு பறந்தா வெயிட்டும் மிச்சம், செலவும் மிச்சம்.

ஜூஹு ரிட்டர்ன்:

கழட்டலாம், யார் வேணாம்னா. பேப்பர்ல முறையா கழட்டு, வெயிட் அண்ட் பேலன்ஸ் திருத்து, லாக்புக்ல எழுது, ஓட்டைகள அடைச்சு மூடு. இல்ல இன்ஆபரேட்டிவ் (வேலை செய்யாது)னு ப்ளக்கார்டு போட்டு விட வழி இருந்தா அப்படி விடு. கவர மூடி வச்சுட்டு எல்லாம் சரின்னு கையெழுத்து போடறதுதான் கூடாது. நாளைக்கு ஓனர் இத சென்னைக்கு அனுப்பறானா, அந்தமானுக்கு வாடகைக்கு விடறானான்னு உனக்கு எப்படி தெரியும், அந்த பைலட் லாக்புக்க பாத்துட்டு ஃப்ளோட் இருக்குன்னு நம்பித்தான் கடல் மேல போவான்.

கடலே இல்லாத ஊர்லயும் இது ஆபத்துதான்ங்கறத ஏன் யாரும் யோசிக்கறதில்ல? கனெக்டர்ல ஈரமும் உப்பும் சேர்ந்து ஷார்ட் ஆச்சுன்னா பறக்கும்போதே ஊதலாம். ஃப்ளோட் ஊத ஒரு வேக லிமிட் வச்சிருப்பாங்க, அதுக்கு மேல வேகத்துல திடீர்னு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் ஊதினா பைலட் நிலைமை என்ன. அது உங்க தொப்பூர் கணவாய் மேலயும் நடக்கலாம்.

மணி கணக்கும் இதுக்கு செல்லாது. எஞ்சினுக்கு ஓடின மணி முக்கியம், இதுக்கு காலண்டர்தான். ஒரு மணி நேரம் கூட பறக்காம கடல் ஓரமா நின்னாலே போதும், உப்புக்காத்து தன் வேலைய பண்ணிடும். சொல்லப்போனா பறக்கறத விட சும்மா நிக்கறதுதான் மோசம், தினமும் பறக்கற மிஷினையாச்சும் சாயங்காலம் கழுவுவாங்க.

பல்ப் மெக்கானிக்:

நான் மாம்பழ பல்ப் பேக்டரி மெயின்டனன்ஸ், கிருஷ்ணகிரிதான். ஸ்டெயின்லெஸ்னா ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் நம்பாதீங்க. குளோரின் போட்ட தண்ணி கேஸ்கட் அடியில தேங்கி நின்னா 304 பைப்பே ஓட்டை விழும், வெளிய குண்டூசி முனை அளவுதான் தெரியும், அறுத்து பாத்தா உள்ள குகை மாதிரி இருக்கும். சந்துக்குள்ள காத்து போகாததால ஸ்டெயின்லெஸ் மேல இருக்கிற பாதுகாப்பு படலம் திரும்ப உருவாகாது, குளோரைடும் அங்கயே சேர்ந்துக்கும். ஹோஸ் கிளாம்ப் எல்லாத்தையும் அவுத்தே பாருங்க.

காவேரிப்பட்டணத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே டிஸார்ம் பண்ணி, போட்டோ எடுத்து, டிமினரலைஸ்டு தண்ணில ஒத்தி எடுத்தேன். முக்கால்வாசி போல்ட்டுல இருந்தது உப்புதான், கரைஞ்சு போயிடுச்சு, சீனியர் அந்த மட்டுக்கும் சரிதான். ஆனா இடது பக்கம் பின்னாடி ரெண்டு போல்ட்டுல கரையல, நகத்த வச்சா தட்டுது, குழி இருக்கு. அந்த ரெண்டுலயும் சீலன்டே இல்ல. பாட்டில் பட்டைய அவுத்தோம், அடியில பெயின்ட் உரசல் மட்டும்தான், குழி இல்ல. ஹோஸ் காலர்ல பின்னல் கம்பி ரெண்டு மூணு இழை அத்து போயிருக்கு. வலது பக்க கனெக்டர்ல ஒரு பின் பச்சை.

சீனியர கூப்பிட்டு லென்ஸ குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மேனுவல்ல டேமேஜ் லிமிட் பக்கத்த அவரே திறந்து டெப்த் கேஜ் எடுத்துட்டு வரச் சொன்னாரு. ஹோஸ மாத்திடலாம்னு முடிவு.

இப்ப அடுத்த சந்தேகம். ஃப்ளோட்ட விரிச்சு லீக் டெஸ்ட் பண்ணணும். சாயங்காலம் ஊதி வச்சுட்டு காலையில பாத்தா பிரஷர் கால்வாசி இறங்கியிருக்கு. துணி மொத்தமா போச்சா? சோப்பு தண்ணி போட்டு பாத்தா எங்கயும் குமிழ் வரல.

ஜூஹு ரிட்டர்ன்:

ஹோசூர்ல ராத்திரி குளிர்ல பண்ணியா, அப்ப பதறாத, முதல்ல கணக்கு போடு. உதாரணத்துக்கு ஃப்ளோட்ல கேஜ் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு)ன்னு வச்சுக்கோ. ஹோசூர் உயரத்துல வெளிக்காத்து ஒரு 13.2 பிஎஸ்ஐ இருக்கும், ஆக உள்ள மொத்தம் 15.2. சாயங்காலம் 28 டிகிரி, விடிகாலை 18 டிகிரின்னா கெல்வின்ல 301ல இருந்து 291, அதாவது நூத்துக்கு மூணே கால் குறையுது. 15.2ல மூணே கால் சதவீதம் கிட்டத்தட்ட அரை பிஎஸ்ஐ. கேஜ் 2ல இருந்து ஒன்றரைக்கு வந்துடும், கால்வாசி போன மாதிரி தெரியும், லீக் ஒரு துளி கூட இருக்காது. மேனுவல்லயே டெம்பரேச்சர் திருத்தம் குடுத்திருப்பான், ஊதும்போதும் படிக்கும்போதும் ஹேங்கர் டெம்பரேச்சர குறிச்சு வச்சியா? இல்லைன்னா திரும்ப பண்ணு, வெயில் படாத மூலையில வை, ஊதினதும் உடனே ரீடிங் எடுக்காம கொஞ்ச நேரம் விட்டு உள்ள காத்து சமமானதும் எடு.

பாட்டில் கேஜுக்கும் இதே கணக்குதான், 3000 பிஎஸ்ஐ பாட்டில்ல பத்து டிகிரிக்கு நூறு பிஎஸ்ஐ ஆடும், அதான் பக்கத்துல டெம்பரேச்சர் சார்ட் ஒட்டியிருப்பாங்க.

ஃப்ளோட் விரிச்சிருக்கறப்பவே ஊதற வால்வு, ரிலீஃப் வால்வு உக்காந்திருக்கிற மெட்டல் வளையத்தயும், கண்ணி ஓட்டைகளயும் பாத்துடு, மடிப்புல உப்பு கல்லு கல்லா இருந்தா நல்ல தண்ணில கழுவி முழுசா காய வச்சப்பறம் மடி. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை பிடிக்கும், மடிப்புல உப்பு இருந்தா துணி மேல இருக்கிற கோட்டிங்க அரம் போட்ட மாதிரி தேய்க்கும். கரோஷன் தடுக்கற ஸ்ப்ரே அடிக்கும்போது துணி மேல படாம மூடிட்டு அடி, ஆயில் கலந்த சாமான் ரப்பர் கோட்டிங்குக்கு ஆகாது.

அந்த பச்சை பின்ன சுரண்டி விட்டுட்டு மூடிடாத, கனெக்டர மாத்திடு. பின் பின்னாடி வயருக்குள்ளயும் பச்சை ஏறியிருக்கான்னு கொஞ்சம் இன்சுலேஷன உரிச்சு பாரு, ஏறியிருந்தா நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டணும், வயர் நீளம் பத்துமான்னு இப்பவே அளந்துக்கோ.

காவேரிப்பட்டணத்தான்:

டெம்பரேச்சர் எழுதி வைக்கலங்கண்ணா, இன்னைக்கு திரும்ப ஊதறோம். வயர் உரிச்சு பாத்தேன், ஒரு இஞ்ச் உள்ள வரைக்கும் கருப்பா இருக்கு.

ஜூஹு ரிட்டர்ன்:

அப்ப அந்த பக்கம் வயர் ஹார்னஸையே (வயர் கட்டு) கழட்டி பெஞ்சுல வச்சு பாக்கச் சொல்லு. ஹோஸுக்கு ஆர்டர் போட்டாச்சா? வெளிநாட்டுல இருந்து வரணும்னா மாசக்கணக்குல இழுக்கும், ஹார்னஸ் பார்ட் நம்பரையும் சேர்த்து ஒரே ஆர்டர்ல போடச் சொல்லு.